ஆயிரம் வருடப் பகை என்கிறார்கள்: ஆர்மீனியா, துருக்கி பற்றி ஒரு விவாத இழை

ஆகஸ்ட் 10, 2025

வாசகர் ஒருவர் எழுதியது இது: "வாஷிங்டனில் அஜர்பைஜான் அதிபர் அலியேவும் ஆர்மீனியப் பிரதமர் பஷின்யானும் கைகுலுக்கிவிட்டார்கள். இனி துருக்கியும் எல்லையைத் திறக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள். நடக்காது. துருக்கியனும் ஆர்மீனியனும் ஆயிரம் வருடப் பகையாளிகள். ஒருவன் முஸ்லிம், ஒருவன் கிறிஸ்தவன். இதில் அரசியல் பேச என்ன இருக்கிறது?"

நிறைய இருக்கிறது. பனியன் வியாபாரத்துக்காக இஸ்தான்புல்லுக்கும் பிறகு ஆர்மீனியத் தலைநகர் யெரெவானுக்கும் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த "ஆயிரம் வருடம்" என்பதை இரண்டு ஊரிலும் கேட்டிருக்கிறேன். சொல்கிறவருக்கு அது வசதி. மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை பாருங்கள்.

ஆயிரம் வருடக் கணக்கு, செல்ஜுக் துருக்கியர் பைசாந்தியரை வென்ற 1071 மான்சிகெர்ட் போரிலிருந்து வருகிறது. அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் ஒட்டோமன் பேரரசின் (இன்றைய துருக்கிக்கு முந்தைய அரசு) ஆட்சியில் ஆர்மீனியர்களுக்குச் சமத்துவம் கிடையாது. கூடுதல் வரி, நீதிமன்றத்தில் குறைந்த மதிப்பு எல்லாம் உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டில்கூட அவர்களை "விசுவாசமான சமூகம்" என்றுதான் அரசு அழைத்தது. கிரேக்கர்கள் பிரிந்து போனார்கள், செர்பியர்கள் போனார்கள், இவர்கள் போகவில்லை. சுல்தானின் அரண்மனைகளைக் கட்டிய பால்யான் குடும்பத்தார் ஆர்மீனியர்கள்.

நாம் பார்க்கும் பகைக்கு வயது சுமார் நூற்றைம்பது. எல்லைக் கதவு மூடியதற்கு வயது இன்னும் குறைவு, 1993தான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பேச்சு நகரவே மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 11

நேற்று எழுதியதற்கு வந்த முதல் பதில்: "அப்படியானால் 1915 எப்படி நடந்தது?" (ஒட்டோமன் அரசு ஆர்மீனியர்களைக் கூட்டமாக நாடுகடத்திக் கொன்ற வருடம்.) அதற்குப் போகும் முன் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி. 1915ஐ நடத்திய கட்சியும் ஆர்மீனியர்களின் முதன்மைப் புரட்சிக் கட்சியும் கூட்டாளிகள்.

இத்திஹாத் கட்சியை (ஒன்றிய முன்னேற்றக் குழு) 1889இல் இஸ்தான்புல் ராணுவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மாணவர்களைப் பாருங்கள். இப்ராகிம் தெமோ அல்பேனியர். அப்துல்லா ஜெவ்தெத்தும் இஷாக் சுகூத்தியும் குர்துகள். மெஹ்மெத் ரெஷித் சர்க்காசியர். துருக்கிய இனவாதம் அங்கே தொடங்கவில்லை. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதை இறக்கி, அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் குறி.

1890இல் திஃப்லிஸில் (இன்றைய திபிலிசி) தொடங்கிய ஆர்மீனியர்களின் தாஷ்நாக் கட்சிக்கும் அதே சுல்தான்தான் எதிரி. 1907இல் பாரிசில் இரண்டு தரப்பும் ஒரே மாநாட்டில் உட்கார்ந்தன. 1908 ஜூலையில் புரட்சி வென்றபோது இஸ்தான்புல் தெருக்களில் இமாமும் பாதிரியாரும் ரப்பியும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று அக்காலப் பதிவுகள் பல சொல்கின்றன.

ஆர்மென் காரோ என்பவரின் வாழ்க்கையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். 1896 ஆகஸ்ட் 26 அன்று இஸ்தான்புல்லில் ஒட்டோமன் வங்கியைக் குண்டுகளுடன் கைப்பற்றிய தாஷ்நாக் கும்பலில் ஒருவர். ஐரோப்பிய நாடுகள் தலையிட வேண்டும் என்பது கோரிக்கை. அவரும் மிச்சம் இருந்தவர்களும் கப்பலில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார்கள். நகரத்தில் அதற்குப் பழியாக ஆயிரக்கணக்கான சாதாரண ஆர்மீனியர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 1908க்குப் பிறகு அதே காரோ எர்சுரூம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்! 1914இல் மறுபடி எல்லை தாண்டி ரஷ்யப் படையின் ஆர்மீனியத் தொண்டர் பிரிவில் சேர்ந்தார். வங்கியைப் பிடித்தவர், எம்.பி., எதிரிப் படை, மூன்றும் ஒரே ஆள், பதினெட்டு வருடத்துக்குள்.

துருக்கிப் பள்ளிப் புத்தகத்துக்கு மூன்றாவது காரோ மட்டும் போதும். ஆர்மீனியப் பக்கம் முதல் காரோவுக்குப் பாட்டு உண்டு. நடுவில் இருக்கும் எம்.பி.யை இரண்டு பக்கமும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவர்தான் முக்கியம்.

ஆகஸ்ட் 11, இரவு

"1894–96 படுகொலைகளை மறைக்கிறீர்களே" என்று ஒருவர். மறைக்கவில்லை, வரிசையாக வருகிறேன்.

1877–78 போரில் ரஷ்யாவிடம் ஒட்டோமன் தோற்றது. பெர்லின் உடன்படிக்கையின் 61ஆம் பிரிவு, ஆர்மீனியர் வாழும் மாகாணங்களில் சீர்திருத்தம் செய்ய வேண்டும், அவர்களைக் குர்துகளிடமிருந்தும் சர்க்காசியரிடமிருந்தும் காக்க வேண்டும், வல்லரசுகள் மேற்பார்வை பார்க்கும் என்றது. ஒரு வல்லரசும் வந்து பார்க்கவில்லை. ஆனால் சுல்தானின் கண்ணில் ஆர்மீனியர்கள் அன்றிலிருந்து வெளிநாட்டுக்காரன் கையாள்.

பெர்லினுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய மதகுரு கிரிமியான் சொன்ன உவமையை ஆர்மீனியக் குழந்தைகள் இன்றும் படிக்கிறார்கள். பெரிய அண்டாவில் ஹரிசா (கோதுமையும் இறைச்சியும் சேர்த்துக் குழைய வேகவைக்கும் கஞ்சி). பல்கேரியர், செர்பியர், மான்டினீக்ரோக்காரர் எல்லாரும் இரும்புக் கரண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். என் கையில் இருந்ததோ காகிதக் கரண்டி, மனு. விட்டதும் கரைந்துபோயிற்று. இதைக் கேட்டு வளர்ந்த பையன்கள்தான் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் தாஷ்நாக்கும் ஹன்சாக்கும் (இன்னொரு புரட்சிக் கட்சி) தொடங்கினார்கள்.

சுல்தான் 1891இல் குர்துக் குதிரைப்படைகளுக்குத் தன் பெயரையே வைத்து ஆயுதம் கொடுத்தார். 1894–96இல் செத்த ஆர்மீனியர்கள் ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை என்று மதிப்பீடுகள். அதனால்தான் 1908இல் அப்துல் ஹமீதை அடக்கிய கட்சியை ஆர்மீனியர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கை முட்டாள்தனம் என்று இன்று உட்கார்ந்து சொல்வது சுலபம்.

ஆகஸ்ட் 13

மதம், மதம் என்று எழுதுகிறவர்கள் நிலத்தைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன் என்கிறீர்கள்.

1890களின் கொலைகளில் செத்தவன் நிலமும் ஓடிப்போனவன் நிலமும் குர்து பேய்களின் கைக்குப் போயின (பேய் என்றால் அங்கே பண்ணையார், பயப்பட வேண்டாம்). 1908க்குப் பிறகு ஓடிப்போனவர்கள் ஊர் திரும்பி நிலத்தைக் கேட்டார்கள். புதிய அரசு திருப்பித் தருவதாகச் சொன்னது. தரவில்லை. தந்தால் குர்துப் பண்ணையார்கள் கிளம்புவார்கள், கிழக்கில் ஆட்சியே ஆடும். 1909 ஏப்ரலில் அதானாவில் சுமார் இருபதாயிரம் பேர், பெரும்பாலும் ஆர்மீனியர்கள், கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் தாஷ்நாக் இத்திஹாத்தோடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது! 1912 வாக்கில் கூட்டு முறிந்ததற்குப் பெரிய காரணம் இந்த நிலப் பிரச்சினைதான்.

அதே 1912–13இல் பால்கன் போர். ஐரோப்பியப் பக்கம் ஏறக்குறைய எல்லாம் போயிற்று. இத்திஹாத் தலைவர்களில் பலருக்குச் சொந்த ஊர் அங்கேதான். சலோனிகா போயிற்று, மொனாஸ்டிர் போயிற்று. வீடு இழந்த முஸ்லிம் அகதிகள் லட்சக்கணக்கில் அனத்தோலியாவுக்கு (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) வந்தார்கள். அவர்களுக்கு எங்கே இடம்? 1913 ஜனவரியில் இத்திஹாத்தின் ராணுவ அதிகாரி என்வர் துப்பாக்கியோடு அமைச்சரவைக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்தார். எல்லா இனங்களுக்கும் ஒட்டோமன் என்ற ஒரே அடையாளம் என்பது பேச்சளவில் நின்றது. யூசுஃப் அக்சுரா, ஸியா கோகால்ப் போன்றோர் எழுதிவந்த துருக்கியம் (துருக்கிய இனமே நாட்டுக்கு அடிப்படை என்ற கொள்கை) கட்சிக்குள் மேலே வந்தது.

1914 பிப்ரவரியில் ரஷ்ய அழுத்தத்தால் ஒட்டோமன் அரசு கையெழுத்திட்ட சீர்திருத்தத்தின்படி, கிழக்கு மாகாணங்களுக்கு ஒரு டச்சுக்காரரும் ஒரு நார்வேக்காரரும் மேற்பார்வையாளர்களாக வர வேண்டும். பால்கனில் இப்படித்தான் ஆரம்பித்தது, அடுத்தது அனத்தோலியா என்று இத்திஹாத் கணக்குப் போட்டது. போர் தொடங்கியதும் அந்த ஒப்பந்தத்தைக் கிழித்தார்கள்.

ஆகஸ்ட் 14

சரி, 1915. பொதுவாக எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சரிகாமிஷ் மலையில் என்வரின் படை பனியில் அழிந்தது. தோல்விக்கு ஆர்மீனியர் துரோகம் காரணமாக்கப்பட்டது. ஏப்ரலில் வான் நகரத்தில் ஆர்மீனியர்கள் தடுப்பு அமைத்துச் சண்டையிட்டார்கள். ஏப்ரல் 24 இரவு இஸ்தான்புல்லில் எழுத்தாளர், வக்கீல், டாக்டர் என இருநூற்றுச் சொச்சம் பேர் கைது. மே 27 இடமாற்றச் சட்டம். அப்புறம் சிரியப் பாலைவனம், தெய்ர் எஸ்ஸோர் வரை நடை. இடமாற்றம் என்று பெயர். வழியிலேயே ஆண்களைத் தனியாகப் பிரித்துக் கொன்றார்கள்.

ஒருவரைப் பற்றி மட்டும் நின்று எழுதுகிறேன். கிரிகோர் சோஹ்ராப். இஸ்தான்புல் எம்.பி., வக்கீல், சிறுகதை எழுத்தாளர். ஏப்ரல் 24இல் அவரைப் பிடிக்கவில்லை. பிடிபட்டவர்களுக்காக உள்துறை அமைச்சர் தலாத்திடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். தலாத் அவருக்கு நண்பர், ஒரே கிளப்பில் சீட்டாடுபவர்கள். ஜூன் தொடக்கத்தில் அவரையும் சக எம்.பி. வர்த்கெஸையும் கைது செய்து, விசாரணைக்குத் தியார்பெக்கிர் என்று சொல்லிக் கிழக்கே கொண்டுபோனார்கள். உர்ஃபா அருகே செர்கெஸ் அகமத் என்பவனின் கும்பல் கொன்றது. அந்த அகமத்தைப் பிறகு இத்திஹாத் தலைவர்களில் ஒருவரும் சிரியாவின் படைத்தலைவருமான ஜெமால் பாஷா டமாஸ்கஸில் தூக்கில் போட்டார், அதுவும் அதே ஆட்சியில் நடந்ததுதான்.

விசாரணை நடக்கும் என்ற தியார்பெக்கிருக்கு அப்போது ஆளுநர் யார் தெரியுமா? 1889 மருத்துவக் கல்லூரி மாணவர், கட்சி நிறுவனர், டாக்டர் மெஹ்மெத் ரெஷித். ஆணைக்கு ஒத்துவராத லிஜே வட்டார அதிகாரி ஹுசெயின் நெசிமி கொல்லப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். சட்டமும் சுதந்திரமும் வேண்டும் என்று தொடங்கிய ஆள் இருபத்தாறு வருடத்தில் வந்து நின்ற இடம் அது. ஆயிரம் வருடப் பகை என்று சொன்னால் இந்த இருபத்தாறு வருடத்தைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடலாம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஜெலால் பே, முதலில் அலெப்போ ஆளுநர், பிறகு கோன்யா. முடிந்த மட்டும் நாடுகடத்தலை இழுத்தடித்தார், பதவி போயிற்று.

ஆகஸ்ட் 16

வந்து விழுந்த பதில்களில் கோபமானது இது: "ஆர்மீனியர்கள் ரஷ்யாவோடு சேர்ந்து முஸ்லிம்களைக் கொன்றார்கள். அதைச் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை."

சொல்கிறேன். 1918 தொடக்கத்தில் ரஷ்யப் படை கலைந்தபோது எர்சின்ஜானிலும் எர்சுரூமிலும் ஆர்மீனியப் படைகள் முஸ்லிம் மக்களைக் கொன்றன. 1918–20 ஆர்மீனியக் குடியரசில் முஸ்லிம் கிராமங்கள் காலியாக்கப்பட்டன. கார்ஸ், இக்தீர் பக்கம் பாட்டி சொன்ன கதைகள் பொய்யில்லை. தொண்டர் படைகளும் உண்மை.

ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. 1914 கோடையில் எர்சுரூமில் நடந்த தாஷ்நாக் மாநாட்டுக்கு இத்திஹாத் ஆள் அனுப்பி, ரஷ்யப் பக்கத்து ஆர்மீனியர்களைக் கிளப்பிவிடுங்கள், சுயாட்சி தருகிறோம் என்றது. போர் வந்தால் அவரவர் தத்தம் நாட்டுக்கு விசுவாசமாக இருப்பார்கள் என்று பதில் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான ஆர்மீனியர்கள் ஒட்டோமன் ராணுவத்தில்தான் இருந்தார்கள். அவர்களிடம் ஆயுதம் பறித்து, உடலுழைப்புப் பிரிவுகளில் போட்டுக் கொன்றார்கள். போர்முனைக்குச் சம்பந்தமே இல்லாத பூர்சா, அங்காரா ஆர்மீனியர்களை எதற்காகச் சிரியாவுக்கு அனுப்ப வேண்டும்? ரஷ்யர்கள் அங்காராவுக்கா வந்தார்கள்? தோற்று ஓடும் படையின் பழிவாங்கலும், தலைநகரிலிருந்து தந்தி போய் மாகாணம் மாகாணமாக நடந்ததும் ஒரே தராசில் நிற்காது.

எண்ணிக்கை கேட்டவருக்கு: ஆறு லட்சத்திலிருந்து பதினைந்து லட்சம் வரை ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். துருக்கி அரசு சொல்வது அதைவிடக் குறைவு. 1919இல் ஒட்டோமன் உள்துறையே எட்டு லட்சம் என்றது. அந்த வருடம் இஸ்தான்புல்லில் ராணுவ நீதிமன்றம் விசாரித்து, தலாத்துக்கும் என்வருக்கும் அவர்கள் இல்லாமலே மரண தண்டனை விதித்தது. துருக்கியர் நடத்திய வழக்கு, துருக்கிய நீதிபதிகள். இதை இன்று அங்காராவில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

சட்டப்படி அது இனப்படுகொலையா என்று மறுபடி மறுபடி கேட்பவர்களுக்கு என் பதில் ஆம். மேலே போகலாம்.

ஆகஸ்ட் 17

சின்னக் குறிப்பு. "சென்னை அர்மேனியன் தெருவுக்கு வந்தவர்கள் 1915 அகதிகள்தானே?" இல்லை சார், அவர்கள் பாரசீகத்து இஸ்ஃபஹானின் புது ஜுல்பாவிலிருந்து வந்த வணிகர்கள், இரண்டு நூற்றாண்டு முந்தையவர்கள். 1915க்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் ஆர்மீனிய அரசியல் சிந்தனைக்கும் மதராசுக்கும் சம்பந்தம் உண்டு. ஷாஹமீர் ஷாஹமீரியான் என்ற மதராஸ் வணிகர் 1772இல் இங்கே அச்சகம் வைத்து, நாடே இல்லாத ஆர்மீனியாவுக்கு அரசியல் சட்டம் எழுதி அச்சடித்தார். மன்னர் இல்லை, தேர்ந்தெடுத்த சபை ஆளும் என்று. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் "அஸ்தரார்" 1794இல் வந்ததும் மதராசில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியானின் கல்லறை அர்மேனியன் தெருத் தேவாலயத்திலேயே இருக்கிறது. பாரிமுனை போகிறவர்கள் உள்ளே எட்டிப் பாருங்கள்.

ஆகஸ்ட் 20

என் அனுபவத்தைக் கேட்டார்கள்.

இஸ்தான்புல் லாலேலியில் ஒரு துணி மொத்த வியாபாரி. பெயர்ப் பலகையில் துருக்கிப் பெயர். கார்டிலும் அதே. பழகிய பிறகு ஒருநாள் மகன் உள்ளேயிருந்து வேறு பெயரால் கூப்பிட்டான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அது வீட்டுப் பெயர். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இங்கே எங்களில் பாதிப்பேர் இப்படித்தான்" என்றார். 1942இல் சொத்து வரி என்று போட்டு முஸ்லிம் அல்லாதாரிடம் பல மடங்கு வசூலித்தார்கள், கட்ட முடியாதவரை அஷ்காலே முகாமுக்குக் கல் உடைக்க அனுப்பினார்கள். அவர் தாத்தா அப்போது கடையை இழந்தாராம். 1955 செப்டம்பர் கலவரம் கிரேக்கர்கள்மீதுதான் என்பார்கள், ஆனால் கண்ணாடி உடைக்கிறவன் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டா உடைப்பான் என்றார். இதை அவர் விலைப் பேரத்துக்கு நடுவில், துணியை மடித்துக்கொண்டே சொன்னார். விலையில் ஒரு லிரா குறைக்கவில்லை.

ஷிஷ்லிக்குப் போகச் சொன்னதும் அவர்தான். ஹலாஸ்கார்காசி சாலையில் "ஆகோஸ்" என்ற ஆர்மீனிய வார இதழின் பழைய அலுவலகம். நடைபாதையில் ஒரு தகடு பதித்திருக்கிறது, துருக்கியிலும் ஆர்மீனியனிலும்: ஹ்ராந்த் திங்க் இங்கே கொல்லப்பட்டார், 19 ஜனவரி 2007. ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு அதை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறார்கள், சிலர் மிதித்தும் போகிறார்கள். அந்த இதழின் ஆசிரியர் திங்க், மலாத்யாவில் பிறந்த ஆர்மீனியர். துருக்கியில் இருந்துகொண்டே 1915ஐப் பேசியவர். "துருக்கியத்தை அவமதித்தார்" என்று 301ஆம் பிரிவில் தண்டிக்கப்பட்டார். அதே சமயம் இனப்படுகொலை மறுப்பைக் குற்றமாக்க பிரான்ஸ் சட்டம் கொண்டுவந்தபோது அதையும் எதிர்த்தார். ஏப்ரல் 23 துருக்கியின் தேசியத் திருநாள், 24 ஆர்மீனியரின் துக்க நாள், நான் 23.5இல் வாழ்கிறேன் என்று எழுதினார். அந்தப் பழைய அலுவலகம் இன்று "23.5" என்ற பெயரில் நினைவிடம்.

அதே ஷிஷ்லியில்தான் ஹுர்ரியெத் குன்று. 1921இல் பெர்லினில் சோகோமோன் தெஹ்லிரியான் என்ற ஆர்மீனியர் சுட்டுக் கொன்ற தலாத்தின் உடலை 1943இல் ஹிட்லரின் ஜெர்மனி அனுப்பிவைக்க, அங்கே மரியாதையோடு புதைத்தார்கள். 1996இல் என்வரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

திங்க் ஊர்வலத்தில் ஒரு லட்சம் பேருக்குக் குறையாது, "நாங்கள் எல்லாரும் ஆர்மீனியர்" என்ற அட்டையோடு. அட்டை பிடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துருக்கியர், குர்துகள். 2008இல் யெரெவானின் இனப்படுகொலை நினைவிடத்தில் பூ வைத்த ஹசன் ஜெமால் யார்? மேலே சொன்ன ஜெமால் பாஷாவின் பேரன். துருக்கியர் என்றால் ஒரே குரல் என்று எழுதுகிறவர்களுக்காக இது.

ஆகஸ்ட் 24

இப்போது கதவு. இன்றைய எல்லை அராஸ் ஆறும் அகுர்யான் ஆறும் சேர்ந்த கோடு. இதை இழுத்தது 1915 அல்ல, 1920–21. 1920 ஆகஸ்டில் செவ்ர் உடன்படிக்கை ஆர்மீனியாவுக்கு எர்சுரூம், வான், கருங்கடல் துறைமுகம் எல்லாம் எழுதிக் கொடுத்தது. மறுபடியும் காகிதக் கரண்டி. இரண்டு மாதத்தில் துருக்கித் தளபதி கசிம் காராபெகிர் கார்ஸைப் பிடித்தார். மாஸ்கோவுக்குத் துருக்கித் தேசியவாதிகளின் தலைவர் முஸ்தபா கெமால் வேண்டும், தங்கமும் ஆயுதமும் கொடுத்துக்கொண்டிருந்தது. 1921 அக்டோபரில் கார்ஸ் உடன்படிக்கை. ஆர்மீனியரின் பழைய தலைநகர் அனி, ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

இதற்குப் பிறகும் கார்ஸ்–கியூம்ரி ரயில் ஓடியது! நேட்டோவுக்கும் சோவியத்துக்கும் நடுவே, பனிப்போர் உச்சத்தில். 1991இல் சுதந்திர ஆர்மீனியாவைத் துருக்கி அங்கீகரித்தது. தூதரக உறவு மட்டும் வைக்கவில்லை. 1992–93 குளிரில் ஐரோப்பியக் கோதுமை துருக்கி வழியாக ரயிலில் வந்தது. 1993 ஏப்ரலில் கராபாக் (அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர் வாழ்ந்த பகுதி) போரில் ஆர்மீனியப் படைகள் கெல்பஜார் என்ற அஜர்பைஜான் மாவட்டத்தைப் பிடித்தன. துருக்கி எல்லையை மூடியது. அதே மாதம் துருக்கி அதிபர் ஓசால் இறந்தார். இறுதி அஞ்சலிக்குத் துருக்கி போனார் ஆர்மீனிய அதிபர் லெவோன் தேர்-பெத்ரோசியான்.

இவரைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. வரலாற்றறிஞர், சிரியாவில் பிறந்தவர், 1915இல் மூசா மலையில் சண்டையிட்டவரின் பேரன். அவர் சொன்னதன் சாரம்: அண்டை வீட்டாரை மாற்ற முடியாது, இனப்படுகொலை அங்கீகாரத்தை வெளியுறவுக் கொள்கையாக வைத்தால் ரஷ்யாவின் மடியில்தான் உட்கார வேண்டிவரும். சாம்பல் ஓநாய்களின் தலைவர், துருக்கிய இனவாதத்தின் கொடியான அல்பார்ஸ்லான் துர்கெஷே 1993இல் பாரிசில் அவரைச் சந்தித்துப் பேசினார். 1994 இறுதியில் தேர்-பெத்ரோசியான் தாஷ்நாக் கட்சியைத் தடை செய்தார். 1998இல் கராபாக்கில் விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார் என்று அவரையே வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த கொச்சார்யான் கராபாக்காரர். தாஷ்நாக் தடை நீங்கியது, அங்கீகாரம் அரசுக் கொள்கையானது.

ஒரு மறுயோசனை. கதவுக்கும் 1915க்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் படித்துக்கொள்ள வேண்டாம். மூடியது கராபாக்குக்காக, சரி. ஆனால் திறக்கப் பேசும்போதெல்லாம் 1915 மேசைக்கு வந்துவிடுகிறது. 1990 சுதந்திரப் பிரகடனத்தின் 11ஆவது பிரிவு, ஒட்டோமன் துருக்கியிலும் மேற்கு ஆர்மீனியாவிலும் நடந்த 1915 இனப்படுகொலையை உலகம் அங்கீகரிக்கச் செய்யும் முயற்சியை ஆதரிப்பதாகச் சொல்கிறது. "மேற்கு ஆர்மீனியா" (இன்றைய கிழக்குத் துருக்கி) என்பதைப் படித்தால் அங்காராவுக்கு உடனே செவ்ர் ஞாபகம் வரும். நிலம் கேட்பார்கள், இழப்பீடு கேட்பார்கள் என்ற பயம் பொய்யான பயம் என்று சொல்ல மாட்டேன். அங்காராவில் அதிபர் மாளிகையாகப் பல பத்தாண்டுகள் இருந்த சான்காயா வீடே கசாபியான் என்ற ஆர்மீனியக் குடும்பத்தினுடையது.

ஆகஸ்ட் 25

2008 கால்பந்து ஆட்டத்தைக் கேட்டவருக்குச் சுருக்கமாக. செப்டம்பர் 6, துருக்கி அதிபர் அப்துல்லா குல் யெரெவான் வந்தார், துருக்கி 2–0. 2009 அக்டோபர் 10, ஜூரிக்கில் தூதரக உறவுக்கும் எல்லை திறப்புக்கும் இரண்டு நெறிமுறைகள் கையெழுத்து. நான்கு நாள் கழித்து பூர்சாவில் மறு ஆட்டம், மறுபடி 2–0. பாகு (அஜர்பைஜான் தலைநகர்) கொதித்தது. எர்தோகன் கராபாக் தீராமல் கதவு திறக்காது என்றார். இரண்டு நாடாளுமன்றமும் நிறைவேற்றவில்லை. 2018இல் ஆர்மீனியா அதைக் குப்பையில் போட்டது. கார்ஸில் இரண்டு நாட்டு நட்புக்காகக் கட்டிய பெரிய சிலையை எர்தோகன் அவலட்சணம் என்று சொல்லி 2011இல் இடிக்க வைத்தார்.

அஜர்பைஜான் வென்ற 2020 போருக்குப் பிறகு கராபாக் சாக்கு தீர்ந்தது. 2022 ஜூலையில் மூன்றாம் நாட்டவருக்கு எல்லையைத் திறக்கிறோம் என்றார்கள். யெரெவான் வானொலி நகைச்சுவை (சோவியத் காலக் கேள்வி-பதில் ஜோக்) பாணியில் நானே கட்டியது:

கேள்வி: எல்லை திறந்துவிட்டதாமே?
பதில்: கொள்கையளவில் ஆம். ஆனால் எல்லை அல்ல, பேச்சு. திறக்கவில்லை, ஒத்திவைத்தார்கள்.

2023 பிப்ரவரி துருக்கி நிலநடுக்கத்தின்போது எல்லையின் மார்கரா பாலத்தில் ஆர்மீனிய உதவி லாரிகள் போயின.

செப்டம்பர் 21

கொஞ்ச நாள் சரக்கு வேலை. இதற்குள் இங்கே "பஷின்யான் துரோகியா, ஞானியா" என்று சண்டை.

அவர் "உண்மை ஆர்மீனியா" என்கிறார். 29,743 சதுர கிலோமீட்டர், அதுதான் நாடு, வரலாற்று ஆர்மீனியா மனதில் இருக்கட்டும் என்கிறார். குடியேற்ற முத்திரையில் இருந்த அராரத் மலையை 2025 நவம்பர் 1 முதல் எடுக்க முடிவெடுத்தார்கள். மலை துருக்கியில் இருக்கிறது, ஆனால் யெரெவானில் எந்த மாடியில் நின்றாலும் கண்ணெதிரே அதுதான். எதிர்ப்பாளர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. தோற்ற பிறகு பிறந்த தத்துவம் இது. இதே பஷின்யான் 2019இல் "ஆர்ட்சாக் ஆர்மீனியா, முற்றுப்புள்ளி" என்று (ஆர்ட்சாக் என்றால் கராபாக்தான்) அதன் தலைநகர் ஸ்தெபனகெர்ட் மேடையில் முழங்கியவர். 2023இல் அங்கிருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் ஆர்மீனியர்கள் சில நாளில் வெளியேறினார்கள். தேர்-பெத்ரோசியான் கையில் பேரம் பேச ஏதாவது இருந்தபோது சொன்னதை, இவர் ஒன்றும் இல்லாதபோது சொல்கிறார்.

இருந்தாலும் வேறு வழி என்ன என்று கேட்டால் தாஷ்நாக்காரர்களிடமும் பதில் இல்லை. 2020இலும் 2023இலும் ரஷ்யா என்ன செய்தது என்று எல்லாரும் பார்த்தார்கள்.

யெரெவானின் பேட்டைகளுக்குப் பெயரே இழந்த ஊர்கள்: மலாத்யா, செபாஸ்தியா, அரப்கீர், ஜெய்துன், மராஷ். மலாத்யா சந்தையில்தான் துணி வியாபாரம். டி-ஷர்ட்டைத் திருப்பிப் பார்த்தேன், தொழில் புத்தி. கழுத்துப் பட்டையில் துருக்கித் தயாரிப்பு என்று பச்சையாக இருந்தது. எல்லை மூடியிருந்த காலமெல்லாம் ஜார்ஜியா வழியாக லாரியில் வந்துகொண்டுதான் இருந்தது. போர் முடிந்து 2021 ஒரு வருடம் துருக்கிப் பொருளுக்குத் தடை. அப்போது சிலர் பட்டையை வெட்டிவிட்டு விற்றோம் என்றார் ஒரு கடைக்கார அம்மாள். அவர் தங்கை இஸ்தான்புல் கும்காப்பியில் தங்கி வீட்டு வேலை செய்கிறார். பேருந்தில் போய்வருகிறார். தடை பற்றிக் கேட்டேன். "தடை விலையை ஏற்றியது" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே அந்த முதல் வாசகருக்கு: கதவு திறக்குமா என்பதை மதமோ ரத்தமோ தீர்மானிக்காது. அங்காரா பாகுவைப் பார்த்து முடிவெடுக்கிறது, பாகு ஆர்மீனியாவின் அரசியல் சட்டம் மாற வேண்டும் என்று காத்திருக்கிறது. 2026இல் ஆர்மீனியாவில் தேர்தல். அதற்கு முன் திறந்தால் பஷின்யானுக்கு லாபம். துருக்கிக்கு அவர் ஜெயிக்க வேண்டும். அதனால் கொஞ்சமாகத் திறப்பார்கள் என்று நினைக்கிறேன், முழுக்க அல்ல.

செப்டம்பர் 21, இரவு

கார்ஸிலிருந்து கியூம்ரி போக வழி கேட்ட தம்பிக்கு: நேராகப் போனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் சேர்ந்துவிடும் தூரம், ஆனால் விட மாட்டார்கள். கார்ஸ், சில்திர் ஏரி, அக்தாஷ் எல்லை, ஜார்ஜியாவின் அகால்கலாகி, நினோத்ஸ்மிந்தா, பாவ்ரா எல்லை, கியூம்ரி. ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொள். பனிக்காலம் என்றால் அந்த மேட்டுச்சாலையை நம்பாதே, இஸ்தான்புல்–யெரெவான் விமானம் 2022இலிருந்து ஓடுகிறது, அதில் ஏறு. ஜார்ஜியாவுக்கும் விசா பார்த்துக்கொள்.